பென்சில் மேல் ஏற்றிய மை

எதைக் கேட்டாலும் "இருக்கலாம்" என்றே பதில் சொல்லும் என் அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இதற்குள் உன்னை எத்தனையோ தடவை மனசுக்குள் திட்டித் தீர்த்துவிட்டேன். காகிதத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை. உன்னைத் தெரியாதவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை வெளியே கொடுக்கிறேன். நான் செய்த காரியத்தை உன்னிடம் மட்டும் சொன்னால் போதாது, நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

முதலில் வீட்டுச் சேதி. கே.கே. நகர் வீட்டில் மாடிக்கு ஒருவழியாக வெள்ளையடித்தாயிற்று. எனக்கு வலது கண்ணில் ஆபரேஷன் ஆகி, கண்ணாடி மாறிவிட்டது. என் பிள்ளை, உன் மருமகன் செந்தில் பழைய கம்பெனியை விட்டு வேறு இடம் போயிருக்கிறான். சம்பளம் கூட, சிடுசிடுப்பும் கூட. ஸ்ரீரங்கத்தில் நீ இருந்த மாடி அறையில் இப்போது ஒரு நர்ஸ் பெண் குடியிருக்கிறாள். அலமாரிக்குப் பின்னால் உன் மூக்குக்கண்ணாடிக் கூடு கிடந்ததாம், கூப்பிட்டுக் கொடுத்தாள். உள்ளே கண்ணாடி இல்லை. அது எங்கே போயிருக்கும்?

இன்னொரு சேதியும் உண்டு. போன மாதம் பேங்க்கில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த பிள்ளை திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அம்மா, கையெழுத்து ஒத்து வரலைங்களே. இன்னொரு தடவை போடுங்க" என்றான். மூன்று தடவை போட்டேன். மூன்றிலும் 'ச' உன் 'ச' மாதிரியே மேல்கோடு நீண்டு, 'ர' உன் 'ர' மாதிரியே கால் மடங்கி வந்தது. கை நடுங்கவில்லை அண்ணே. நடுங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ ஒரு காலேஜ் நூலகத்தில் வேலை பார்த்தாய். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டால் அதற்கும் "இருக்கலாம்" என்றாய், என்ன அர்த்தமோ. முப்பது வயதுக்கு மேல் உனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. இன்றைக்குத் துருக்கி என்று சொல்லும் நாட்டில் மூவாயிரம் வருஷத்துக்கு மேல் முந்தி ஆண்டவர்கள் களிமண் பலகைகளில் எழுதிவைத்த பாஷை, ஹிட்டைட். திருச்சியில் அதைப் படிக்க உன்னைத் தவிர ஆள் கிடையாது. புத்தகம் வரவழைத்து, வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதி, நீயாகவே கற்றுக்கொண்டாய்.

நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் பழைய கார்டுகளைக் குப்பையில் போடப் போனார்கள். ஒரு புத்தகத்துக்கு ஓர் அட்டை, அடியில் கம்பி கோக்க ஓர் ஓட்டை. அத்தனையையும் நீ செருப்புப் பெட்டிகளில் அள்ளி வந்தாய். முன்பக்கம் புத்தகத்தின் பெயர், பின்பக்கம் உன் ஹிட்டைட் வார்த்தை, அதற்கு நீ கண்ட அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு கத்தை கொண்டு வருவாய். "கோழி வளர்ப்புக்குப் பின்னாடி ராஜா எழவு" என்று நான் கேலி செய்வேன். அது வெறும் கேலியில்லை. அந்த அட்டையைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

அந்த நாட்டில் ராஜா செத்தால் எரிப்பார்களாம். மறுநாள் விடிந்ததும் பெண்கள் சிதைக்குப் போவார்களாம். பீரும் ஒயினும் ஊற்றி நெருப்பை அணைத்து, வெள்ளியில் செய்த ஒரு 'லப்பா'வால் எலும்புகளை எடுத்து, எண்ணெய் நிறைந்த வெள்ளிப் பாத்திரத்தில் போடுவார்களாம். லப்பா என்றால் என்ன? எலும்பை எடுக்கும் ஏதோ ஒரு சாமான். அதற்கு மேல் உறுதியாக யாருக்கும் தெரியாது. சிலர் இடுக்கி என்றார்கள், சிலர் கரண்டி என்றார்கள். நீ வருஷக்கணக்காக இந்த இரண்டுக்கும் நடுவில் அல்லாடினாய்.

"அங்க பொம்பளைங்கதான் போவாங்க சரசு" என்று சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னாய். "இங்கதான் உங்களை வாசலோட நிறுத்திடறோம்."

"சாப்பிடும்போது பேசற பேச்சா இது" என்று அன்றைக்கு உன்னை அதட்டினேன்.

உன் உயிர் போனதும் சாப்பாட்டுக்கு வரும் வழியில்தான். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே. காவிரிப் பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டு தூங்குகிறார் என்றே கண்டக்டர் நினைத்தாராம். கடைசி நிறுத்தத்தில்தான் தோளைத் தொட்டிருக்கிறார். உன் மடியில் ஒரு கத்தை அட்டை இருந்தது. அதை என் கையில் கொடுக்கும்போது அந்த மனுஷன், "ஏதோ கணக்குப் போட்டுட்டு இருந்தாருங்க. ரொம்ப சந்தோஷமா இருந்தாருங்க" என்றார். அதற்கப்புறம் நான் அந்த பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் இடது பக்கம் உட்காருவதில்லை.

என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். செந்தில்தான் எல்லாம் செய்தான். நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு உன் ஐந்து செருப்புப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியைத் திறந்தபோது பகீரென்றது. பாதி அட்டைகளில் எழுத்து மங்கிக்கொண்டிருந்தது. பென்சில். ஒன்றோடொன்று உரசி உரசி எழுத்தெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. மற்றவை மை, அவை பளிச்சென்று இருந்தன. இந்த மனுஷன் பேனாவில் மை தீர்ந்தால் கையில் கிடைத்த பென்சிலை எடுத்துக்கொள்வான் போலிருக்கிறது, சோம்பேறி, என்று நினைத்தேன்.

நான் என்ன வேலை பார்த்தவள் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வாய்க்கால், மதகு வரைபடம் போடும் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் டிரேசர். இன்ஜினியர் பென்சிலில் போட்டுக் கொடுப்பார். அதன் மேல் இம்மி பிசகாமல் மை ஏற்ற வேண்டும். காய்ந்த பிறகு அடியில் இருக்கும் பென்சிலை ரப்பரால் சுத்தமாக எடுக்க வேண்டும். ஒரு கோடு நடுங்கினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் தாள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

உன் பேனா இருந்தது, உன் மை பாட்டில் பாதி இருந்தது. தினமும் மத்தியானம் சாப்பாடு ஆனதும் உட்கார்ந்துவிடுவேன். பென்சில் அட்டையாகப் பொறுக்கி எடுத்து, உன் எழுத்தின் மேலேயே உன் எழுத்தை எழுதுவேன். அப்புறம் ரப்பர். ஊதினால் தூள் பறக்கும். முதல் பெட்டி முடிவதற்குள் நீ எந்த எழுத்தில் பேனாவை எடுப்பாய், எங்கே மூச்சு விடுவாய் என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. சில நாள் பக்கத்தில் நீ தொண்டையைக் கனைப்பது கேட்கும். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். திரும்பினால் எழுந்து போய்விடுவாய் என்று பயம். சுடுகாட்டுக்கு என்னை விடவில்லை, அதனால்தான் உன்னை இப்படிப் பொறுக்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

நாலு பெட்டி முடித்தேன். கண் ஆபரேஷன் குறுக்கே வந்ததால் ஐந்தாவது நின்றது.

இந்த வருஷம் தைப் பொங்கல் முடிந்த வாரம் ஜெர்மனியிலிருந்து இங்கிரிட் எழுதினாள். உனக்குப் பல வருஷமாகக் கடிதம் எழுதிய அந்த ஆராய்ச்சிக்கார அம்மாதான். நீ போன சேதியை செந்தில் சொல்லியிருந்தான். ராஜாக்களின் சாவுச் சடங்கில் வரும் சாமான்களைப் பற்றி அவள் ஒரு கட்டுரை எழுதுகிறாளாம். உன் லப்பா அட்டையைப் படம் பிடித்து அனுப்ப முடியுமா என்று கேட்டாள். நாலாவது பெட்டியில் இருந்தது. முன்பக்கம் கோழி வளர்ப்பு. பின்பக்கம் 'லப்பா', அதன் கீழே 'கரண்டி. இடுக்கி அல்ல.' மையில், பளபளவென்று. பெருமையோடு அனுப்பிவைத்தேன்.

மறுநாளே பதில். செந்தில்தான் படித்துத் தமிழில் சொன்னான். "அம்மா, அவங்களுக்கு ரொம்ப சந்தோஷமாம். மாமா எந்த அர்த்தத்தையும் முதல்ல பென்சில்லதான் எழுதுவாராம். சத்தியம் பண்ணிச் சொல்லலாம்னு எப்ப தோணுதோ அப்பதான் மை போடுவாராம். அவரே லெட்டர்ல சொல்லியிருக்காராம். அப்ப லப்பாவுல அவருக்கு சந்தேகமே இல்லன்னு ஆகுது. மாமா பேரைப் போட்டு, அவர் முடிவா சொன்னதுன்னே எழுதப்போறாங்களாம்."

"என்னம்மா, மாமா பேரு புக்ல வரப்போகுது, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறீங்க" என்றான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே? கடல் தாண்டி இருக்கிற ஒருத்திக்கு எழுதத் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் கையால் தின்றவனுக்கு என்னிடம் சொல்லத் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்பாய். நானும்தான் கேட்கவில்லை. உன் அட்டைகளைக் கேலி செய்யத்தான் எனக்கு வாய் இருந்தது.

இல்லை, ஒரு தடவை நீ சொன்னாய். எனக்குத்தான் உறைக்கவில்லை. என் அலுவலகத்துக்கு வந்து, நான் மை ஏற்றுவதைப் பின்னால் நின்று பார்த்தாய். "இவ்வளவையும் மையாக்கிடுவியா? ஏதாவது கோட்டுல சந்தேகம் இருந்தா?" என்று கேட்டாய். "இன்ஜினியரைக் கேப்போம்" என்றேன். நீ சிரித்தாய். "எனக்குக் கேக்க ஆளில்லையே சரசு. எழுதினவங்க எல்லாம் செத்துப்போயிட்டாங்க. பென்சில்லயே விட்டுட வேண்டியதுதான்." கேன்டீனில் காபி குடித்தோம், நீ பஸ் ஏறிவிட்டாய். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

இங்கிரிட்டின் பதில் வந்த அன்றைக்கு நாலு பெட்டியையும் தரையில் கொட்டினேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எது நீ மை போட்டது, எது நான் போட்டது? தெரியவில்லை. ஒன்றில்கூடப் பென்சில் மிச்சமில்லை. அவ்வளவு ஒழுங்காக அழித்திருக்கிறேன். லப்பா அட்டை என் ரப்பருக்கு அடியில் வந்ததா, நீயே முடித்துவைத்ததா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. நீ ஆயுசு முழுக்கப் பிரித்துவைத்த தெரிந்ததையும் தெரியாததையும் ஒரு டிரேசர் ஒன்றாக்கிவிட்டாள்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? பத்து நாள் யோசித்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. 'ராமநாதன், ஸ்ரீரங்கம்' என்று உன் பெயர் ஒரு நல்ல புத்தகத்தில் அச்சாகும். நீ உயிரோடு இருந்தவரை ஒரு வரிகூட அச்சில் வரவில்லை. எத்தனை பேர் "அதனால என்ன பிரயோஜனம் சார்" என்று உன் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். அவர்கள் மூஞ்சியில் அந்தப் புத்தகத்தைக் காட்ட எனக்கு ஆசையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அந்தப் பத்து நாளும் நீ தொண்டையைக் கனைக்கவில்லை. வீடு அப்படி ஒரு அமைதியாக இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசியில் செந்திலைப் பிடித்து உட்காரவைத்தேன். நம் அப்பாவுக்கு நீதான் கொள்ளி போட்டாய், மறுநாள் பால் தெளிக்கப் போனபோது அவனும் உன்னோடு வந்தான். அங்கே என்ன நடந்தது என்று யாரையும் நான் கேட்டதில்லை. பொம்பளை எதற்கு அதையெல்லாம் கேட்பது என்று சொல்லியே வளர்த்துவிட்டார்களே. அன்றைக்கு நீ எலும்பை எப்படி எடுத்தாய் என்று இப்போது கேட்டேன்.

"மாமா கையாலதாம்மா எடுத்தாரு" என்றான். "தண்ணி ஊத்தி ஆற வெச்சு, ஒவ்வொண்ணா. ஒண்ணை எடுத்ததும் விரல்லயே நொறுங்கிப் போச்சு. அப்படியே நின்னுட்டாரு. அழறாருன்னு நெனச்சேன். என்னைப் பாத்து, 'இடுக்கியில பிடிச்சா தூளாயிடும்டா, கரண்டியாத்தான் இருக்கும்' அப்படின்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. கொஞ்ச நேரம் கழிச்சு, 'ஆனா அவங்க சிதை வேற, விறகு வேற, ராஜா வேற. சொல்ல முடியாது' அப்படின்னாரு. அப்புறம்தாம்மா அழுதாரு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெற்ற அப்பா சாம்பலாகக் கிடக்கும்போதும் உனக்கு அந்த வார்த்தையா? கொஞ்ச நேரத்தில் கோபம் போய்விட்டது. அந்தப் பாஷை பேசிய பெண்களும் இப்படித்தானே குனிந்து நின்றிருப்பார்கள் என்று நினைத்திருப்பாய். உனக்கு அழுகைக்குப் போகும் வழியே அதுதான் போலிருக்கிறது.

"மாமாவுக்கு நீ என்ன பண்ணினே?" என்று கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மாமாவுக்குப் பொறுக்க ஒண்ணும் இல்லம்மா. கேஸ்ல எரிக்கிற இடம். அங்க வேலை செய்யறவரு நீளமா ஒரு இரும்புக் கரண்டியால வாரி, பானையில போட்டுக் குடுத்துட்டாரு."

கரண்டிதான் அண்ணே. உன்னையும் கரண்டியால்தான் எடுத்திருக்கிறார்கள். அதை வைத்து மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு சாமானை நிரூபித்துவிட முடியாது என்று நீயே முதலில் சொல்வாய்.

அப்பா போனபோது நீ சொன்னது "சொல்ல முடியாது". அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தாய். இடையில் ஏதாவது ஒரு நாள் உனக்கு நிச்சயமாகி, நீயே மை போட்டிருப்பாயா? பஸ்ஸில் சந்தோஷமாக இருந்தாயே, எதைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டாய்? அந்தக் கத்தையையும் நான் பெட்டிகளில் கலந்துவிட்டேன்.

அன்றைக்கே இங்கிரிட்டுக்கு எழுதினேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல செந்தில் இங்கிலீஷில் அடித்தான். 'அந்த அட்டையில் இருக்கும் மை என் அண்ணனுடையதா என்னுடையதா என்று எனக்குத் தெரியாது. நாலு பெட்டிகளில் எதை வைத்தும் அவன் நிச்சயமாகச் சொன்னான் என்று எழுதாதீர்கள். அவன் தெரியாததைத் தெரியும் என்று சொல்கிறவன் இல்லை. சொல்ல வைத்தது நான்.' கடைசி வரியை அடிக்கும்போது அவன் தயங்கினான். "இது வேணாமே அம்மா" என்றான். அடிக்கச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். நிச்சயமா இல்லையா என்று தெரியாதபோது உன் முடிவாக எதையும் சொல்ல முடியாது, லப்பாவை எல்லோரையும் போல 'எலும்பு எடுக்கும் கருவி' என்றே விட்டுவிடப் போகிறேன் என்றாள். உன் பெயர் வராது அண்ணே. காரணம் நான். கடிதத்தின் கடைசியில் ஒன்று கேட்டிருந்தாள். ஐந்தாவது பெட்டி உங்கள் மை படாமல் இருக்கிறதா? இருந்தால் அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள், ஒருவர் எதையெல்லாம் சந்தேகப்பட்டார் என்பதும் எங்களுக்கு வேண்டும் என்று.

ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், இடது பக்க ஜன்னலோரம், நீ உட்கார்ந்த வரிசையில். காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் படியிறங்கி, உன்னைக் கரைத்த இடம் என்று செந்தில் சொன்ன இடத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனேன். வாயில் வந்தது, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்பதுதான். பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது ஐந்தாவது பெட்டி என் முன்னால் திறந்திருக்கிறது. மேல் அட்டையில் உன் எழுத்து பாதிதான் தெரிகிறது. உன் பேனாவும் பாட்டிலில் ஒரு விரல் மையும் பக்கத்திலேயே இருக்கின்றன. என் கை தானாகவே அங்கே போகிறது, இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சத்தியம் செய்கிறேன் அண்ணே. படம் எடுத்து அனுப்புவேன். அதற்கு மேல் இந்தப் பெட்டியில் என் கை படாது. உன் பேனாவைக் கழுவி செந்திலிடம் கொடுத்துவிடுகிறேன். எழுத்து மங்கினால் மங்கட்டும். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று உன் மேல் இனி நான் எழுதமாட்டேன்.

இதையும் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். கீழே இருப்பது என் சொந்தக் கையெழுத்துதானா என்று கேட்பாய். இருக்கலாம்.

உன் தங்கை,
சரசு